பத்தரை மணிக் கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறைக்குள் கைத்தொழில் கற்றுக்கொடுப்பதைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான், புது ஜெயில் ரோடு பக்கம் போனால் கைதிகள் செய்த பொருட்களை விற்கும் சிறை பஜாரில் நானும் வண்டியை நிறுத்தி ஏதாவது வாங்குவதுண்டு. ஆனால் அந்தக் கேட்டைத் தாண்டி வெளியே வந்த ஆள் அடுத்த திங்கட்கிழமை எங்கே வேலைக்குப் போகிறார், அங்கே எத்தனை நாள் நிற்கிறார் என்று யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரை கே.புதூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, ஷெட் வேலை எல்லாம் செய்கிறோம். ஏழு வருடத்தில் உள்ளே போய் வந்தவர்கள் ஐந்து பேரை வேலைக்கு எடுத்திருக்கிறேன். இரண்டு பேர் இன்னமும் என்னோடு இருக்கிறார்கள், ஒருவர் மேலூர்ப் பக்கம் சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டார், ஒருவர் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டார், இன்னொருவர் என் கிரைண்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கடைசி ஆளைப் பற்றிச் சொன்னதும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார்கள். ஜெயில் வாசலையே மிதிக்காத இரண்டு பேர் என்னிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய் இன்றுவரை திரும்பி வரவில்லை, அவர்களைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு இன்றைக்கும் உறுத்துவது மெஷின் போனது இல்லை, மூன்று வாரத்தில் நின்றவர்தான். இருபத்து மூன்று வயது, ஏதோ தெருச் சண்டையில் கேஸ், நிபந்தனை ஜாமீனில் வந்திருந்தார். நிபந்தனை என்னவென்றால் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தொழிலில் காலை ஒன்பது மணிக்கு வண்டியில் சாமான் ஏற்றினால்தான் பத்து மணிக்கு சைட்டில் இறங்க முடியும், கையெழுத்துக்குப் போகிற ஆளை சைட்டுக்குக் கூட்டிப் போக முடியாது. சரி, பட்டறையிலேயே பிரைமர் அடிக்கட்டும் என்று விட்டேன். பத்து மணிக்குக் கிளம்புவார். அங்கே போனால் ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் இருக்க மாட்டார், இல்லையென்றால் நோட்டு இருக்காது, உட்காரு என்பார்கள், உட்கார்ந்திருப்பார், திரும்பி வரும்போது ஒரு மணி ஆகிவிடும். சித்திரைத் திருவிழா சமயத்தில் மொத்த ஸ்டேஷனும் பந்தோபஸ்துக்குப் போய்விட்டதால் ஒரு நாள் மூன்று மணி வரை காத்திருந்துவிட்டு வந்தார். நான் அரை நாள் சம்பளம் போட்டேன். வேறு என்ன செய்வதென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது சனிக்கிழமை கூலியை வாங்கிக்கொண்டு, "என்னால உங்களுக்குத்தாண்ணே சிரமம்" என்று சொல்லிவிட்டுப் போனவர், திங்கட்கிழமை வரவில்லை.

இந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம், நேரத்தை மாற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம், வக்கீல் பீஸ் கொடுக்க முடியாதவருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிய வந்தது. அடுத்து இதேபோல ஜாமீனில் வந்த இன்னொருவருக்கு, "இவர் என்னிடம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வேலை பார்க்கிறார்" என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தேன், வக்கீல் அதை மனுவோடு சேர்த்துப் போட்டார், கையெழுத்து சாயங்காலத்துக்கு மாறியது. இன்னும் என்னோடு இருக்கிற இரண்டு பேரில் அவர் ஒருவர். இதே காகிதத்தை முதல் ஆளுக்கும் நான் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

கையெழுத்து, ஆஜர் என்பதெல்லாம் நம்ம ஊர்ப் பக்கம் வெறும் வார்த்தைகள் இல்லை. உசிலம்பட்டி பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் ரேகைச் சட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம்தான் அது, இன்ன சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்றது. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட பதினாறு பேர் செத்தார்கள். ராத்திரி ஸ்டேஷனில் படுத்துவிட்டு வருகிறவனை, சீட்டு இல்லாமல் ஊர் எல்லை தாண்ட முடியாதவனை எந்த முதலாளி வேலைக்கு வைப்பான்? மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டத்தை 1947-ல் எடுத்துவிட்டார்கள். இன்றைய ஜாமீன் நிபந்தனையும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, இது கோர்ட் போடுவது, ஒரு கேஸுக்காகப் போடுவது. ஆனால் ஒரு மனுஷனின் வேலை நேரத்தில் கைவைத்தால் அவன் பிழைப்பு என்னவாகும் என்பதை மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், தண்டனை முடித்து வந்தவர்களின் கதை வேறு. என்னிடம் இருக்கிற இன்னொருவர் நாலு வருஷம் மதுரை மத்திய சிறையில் இருந்தவர், அதில் பெரும்பகுதி பேண்டேஜ் துணிப் பிரிவில். வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள்தான் தெரிந்தது, செல்லூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு புதூருக்கு நடந்தே வந்து போகிறார் என்று. பஸ்ஸுக்குக் காசில்லை, மதியச் சாப்பாடும் இல்லை, நான் வாரக்கூலி கொடுக்கிற ஆள், சனிக்கிழமை வரைக்கும் அவர் என்ன செய்வார் என்று நான் யோசிக்கவே இல்லை. அன்று முதல் உள்ளேயிருந்து வருகிறவர்களுக்கு முதல் மாதம் மட்டும் அன்றாடக் கூலி, சாயங்காலமே கையில் கொடுத்துவிடுகிறேன். வேலை கொடுக்க நினைக்கிற மற்ற முதலாளிகளுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான், இதற்குப் பைசா கூடுதல் செலவில்லை.

அந்தத் தம்பிக்கு ஆதார் அட்டை எங்கேயோ தொலைந்திருந்தது, லைசென்ஸ் உள்ளே இருக்கும்போதே காலாவதியாகிவிட்டது, பேங்க் கணக்கு முடங்கிக் கிடந்தது, அதில் இருந்த செல் நம்பரும் போய்விட்டது. நம்பர் இல்லாமல் ஆதார் ஓடிபி வராது, ஆதாரும் இல்லாததால் அவருக்குப் புது சிம்மும் கிடைக்கவில்லை. இதற்காக மட்டும் ஆறு நாள் லீவு போட்டார். இதை எல்லாம் விடுதலைக்கு இரண்டு மாதம் முன்னாலேயே, உள்ளே ஒரு முகாம் போட்டு முடித்துக் கொடுத்து அனுப்பினால் என்ன? விடுதலை ஆகும் தேதி சிறை நிர்வாகத்துக்குத் தெரியும், வேறு யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லித்தான் யோசித்தேன். பேண்டேஜ் துணி வேலை அவருக்கு அத்துப்படி, ஆனால் மதுரைக்குள் அந்த வேலைக்கு யாரைப் போய்க் கேட்பதென்று தெரியாமல் என்னிடம் வந்து முப்பது வயதில் வெல்டிங் படிக்க வேண்டியதாகிவிட்டது. ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஒரு ஊர், பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது, தறிச் சத்தம் கேட்காத தெரு அங்கே கிடையாது. மதுரையில் பஸ் ஏறினால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். உள்ளே ஒரு வேலையை வருஷக்கணக்கில் பார்த்தவரையும் அதே வேலை நடக்கிற ஊரையும் சேர்த்துவைக்க ஒரு போன் போதும், அதைப் பேச ஒருவர் வேண்டும். விடுதலையானவர்களுக்கு உதவுவதற்கென்றே 1921-லிருந்து ஒரு சங்கம் நம் மாநிலத்தில் இருக்கிறது, வெளியே வந்தவர்களைக் கவனித்து உதவ நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள், கறவை மாடு, தையல் மெஷின் வாங்க உதவி கிடைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் ஆள் கிடைக்காமல் தவிக்கிற எங்களைப் போன்றவர்களிடம் யாரும் வந்து "உங்களுக்கு ஆள் வேணுமா" என்று கேட்டதில்லை. வடக்கே இருந்து ரயிலேறி வருகிற பையன்களுக்காக நாங்கள் காத்துக்கிடக்கிறோம்.

சரி, வேலையில் சேர்த்தாயிற்று, அதோடு முடிந்ததா? போன வருஷம் ஒரு வீட்டில் பால்கனி கிரில் மாட்டப் போயிருந்தோம். எங்கள் ஆள் ஒருவர் டீ குடிக்கும்போது வாய் தவறி அந்தத் தம்பி ஜெயிலுக்குப் போய் வந்த விஷயத்தைச் சொல்லிவிட, வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஆளை மட்டும் மாடிக்கு ஏத்தாதீங்க, பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற வீடு" என்றார். நான் மறுவார்த்தை பேசாமல் தம்பியைக் கீழே வண்டியில் உட்காரச் சொன்னேன். வெயிலில், நாலு மணி நேரம். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சாயங்காலம் வழக்கம்போல ராடு, கேபிள் எல்லாம் எண்ணி வைத்துவிட்டுப் போனார். அது நான் செய்த தப்பு. "என் ஆளுக்கு நான் பொறுப்பு, வேண்டாமென்றால் வேலையை நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது பட்டறையில் ஒரே ஒரு கட்டளை போட்டிருக்கிறேன், யாருடைய பழைய கதையையும் யாரும் சைட்டில் பேசக் கூடாது. பேசினால் அன்றைய கூலி கிடையாது, அது என் மச்சினனாக இருந்தாலும் சரி.

"ஜெயிலுக்குப் போனவன்" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதில் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? 2022 கடைசியில் நாடு முழுவதும் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர், அதில் சுமார் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் மேல் குற்றம் நிரூபணம் ஆகவே இல்லை! அதில் எத்தனையோ பேர் நாளைக்கு விடுதலையாகி வருவார்கள், ஆனால் தெருவில் அவர்களுக்கும் அதே பெயர்தான்.

பெரிய கம்பெனி வேலை என்றால் போலீஸ் வெரிஃபிகேஷன் சான்று கேட்கிறார்கள். பழைய கேஸை மறைத்து எழுதச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அதைக் கேட்காதீர்கள், பிறகு தெரிந்தால் வேலை போய்விடும். வெரிஃபிகேஷன் பாரத்தில் மறைத்தவர்கள் விஷயமாக 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உண்மையைச் சொன்னாலும் பழைய விவரங்களைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு, அதே சமயம் சின்ன வயதில் கோஷம் போட்டது மாதிரி அற்ப விஷயமென்றால் மறைத்ததைக்கூட மன்னிக்கலாம் என்றது. இன்னொன்று, 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின்படி சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ, ஒழுங்காக இருப்பேன் என்று பாண்டு எழுதி வாங்கியோ விடுவிக்கப்பட்டவருக்கு, குற்றவாளி என்ற தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு பொருந்தாது என்று அதன் 12-வது பிரிவு சொல்கிறது. இது தெரியாமல் விண்ணப்பமே போடாத பையன்கள் எத்தனை பேரோ. எல்லா வேலைக்கும் எல்லோரையும் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவரைப் பள்ளி வேனில் ஏற்றக் கூடாது, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. செய்த குற்றத்துக்கும் கேட்கிற வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் அங்கே 2004-லிருந்து நடக்கிற மஞ்சள் நாடா திட்டத்தைப் பற்றிச் சொல்வார். உள்ளே இருக்கும்போதே முதலாளிகளோடு பேசவைத்து வேலையை உறுதி செய்கிறார்களாம், வேலையில் சேர்ந்த பிறகும் ஒருவர் கூடவே இருந்து விசாரித்துக்கொள்கிறாராம். எனக்கு அந்த இரண்டாவதுதான் முக்கியமாகப் பட்டது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் பழைய கூட்டாளி வாசலில் வந்து நிற்பான், வீட்டில் சண்டை வரும், ஏதாவது பந்தோபஸ்து என்றால் போலீஸ் யூனிஃபார்மோடு பட்டறைக்கே வந்து பேர் சொல்லி விசாரிக்கும், அக்கம்பக்கம் முழுக்க எட்டிப் பார்க்கும். அந்த மாதிரி நாளில் அவர் போன் பண்ணிப் பேச ஒரு ஆள் வேண்டும். காவல்துறை அதிகாரிகளிடம் நான் பணிவோடு கேட்பதும் இதுதான், விசாரிக்க வேண்டியிருந்தால் மஃப்டியில் வாருங்கள், அல்லது எனக்கு ஒரு போன் போடுங்கள், ஆளை நானே கூட்டி வருகிறேன். கையெழுத்து நோட்டைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் திறந்து வையுங்கள்.

இப்போது என் பட்டறையில் ஒரு ஹெல்பர் இடம் காலியாக இருக்கிறது. வெல்டிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் விலாசத்தையும் செல் நம்பரையும் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பத்திரிகையில் போட வேண்டாம், நன்னடத்தை அலுவலர் யாராவது கேட்டால் மட்டும் தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
கிரில் பட்டறை நடத்தும் ஒரு வாசகர்,
கே.புதூர், மதுரை.