குதிரைக்கு பிஸ்கட் சுடப்போகிற தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நாமக்கல்லிலிருந்து நீ அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. பிரித்ததுமே கேரட்டும் வெல்லமும் மணத்தது. சாயங்காலம் லாயத்துக்கு எடுத்துப்போய் வெள்ளைப் பெண்குதிரைக்கு உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். தன் வாய்க்கு நேர் கீழே இருப்பது குதிரைக்குக் கண்ணில் படாது. மீசை முடியாலும் மேலுதட்டாலும் தடவித்தான் தெரிந்துகொள்ளும். அப்படித் தடவி, உதட்டாலேயே அள்ளி, கடைவாயில் ஒதுக்கி நறநறவென்று அரைத்தது. அப்புறம் ஆரஞ்சு நிற எச்சில் ஒழுக என் சட்டைப்பையை முட்ட ஆரம்பித்துவிட்டது. ருசியில் நீ ஜெயித்துவிட்டாய் மா.

இதை விற்க வேண்டும் என்கிறாய். சந்தோஷம். ஆனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை மட்டும் எப்போதும் மனதில் வை. ஒத்துக்கொள்ளாததை நாய் கக்கிவிடும். குதிரைக்கு உள்ளே போனது குடல் முழுவதையும் கடந்துதான் வெளியே வந்தாக வேண்டும். வயிற்றுவலி வந்தே செத்துப்போகும் பிராணி அது.

சில வருஷத்துக்கு முன், சவாரி பழக வந்த ஒருவர் வீட்டில் சுட்ட பெரிய வட்ட பிஸ்கட்டை ஒரு குதிரைக்குக் கொடுத்துவிட்டார். கல் மாதிரி இருந்தது. சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டது. கழுத்தை நீட்டுவதும் இழுப்பதுமாகத் தவித்தது, இரண்டு மூக்கிலும் பச்சை நுரை வழிந்தது. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி அடைப்பைக் கரைத்தார். அதுவரை அதன் தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதனால்தான் சொல்கிறேன்: உன் பிஸ்கட் சின்னதாக இருக்கட்டும், இரண்டு விரலால் அழுத்தினால் உடையட்டும். ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார், சீக்கிரம் கரைந்து மாவாக வேண்டும்.

ஓட்ஸ், கோதுமைத் தவிடு, ஆளிவிதை, கேரட் துருவல் எல்லாம் சரி. வெல்லத்தைப் பாதியாகக் குறை. இனிப்பும் மாவுச்சத்தும் கூடினால் சில குதிரைகளுக்குக் குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போகும். கொழுத்த மட்டக்குதிரைகளுக்கு இது அதிகம். சாக்லேட், காபித்தூள், கசகசா பக்கமே போகாதே. இவற்றால் பந்தயக் குதிரையின் சிறுநீரில் தடைசெய்த காஃபீனோ மார்ஃபினோ தெரிந்தால் அந்தக் குதிரையின் வெற்றியே பறிபோகும்.

பக்கத்துக் கோழித்தீவன மில்லில் மாவு அரைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். வேண்டவே வேண்டாம். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் மோனென்சின் என்ற மருந்தைச் சேர்ப்பது உண்டு. கோழி தாங்கிக்கொள்ளும் அளவு வேறு. குதிரைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே இதயத்தசை கெட்டு உயிரே போய்விடலாம். 400 கிலோ குதிரைக்குக் கணக்குப் போட்டால் சுமார் ஒரு கிராம்தான். மெஷினில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை நம்பி இறங்கலாமா? நம் வீட்டு மிக்ஸியிலேயே அரை. நாளைக்கு வியாபாரம் பெருகினால் தனியாக ஒரு சின்ன மெஷின் வாங்கிக்கொள்ளலாம், நான் பணம் தருகிறேன்.

மிச்சமிருந்த பிஸ்கட்டை டப்பாவில் வைத்திருந்தேன். எட்டாம் நாள் ஓரத்தில் பூஞ்சை. இங்கே கடற்கரைக் காற்றில் எதுவும் நமத்துவிடும். சூட்டைக் குறைத்து இன்னும் அதிக நேரம் சுடு, அடுப்பை அணைத்தபின் உள்ளேயே விட்டு ஆறவிடு. பொட்டலத்தில் சுட்ட தேதியைப் போடு.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய் வருவோம். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வரிசையாக நிற்கும். அங்கே குதிரைக்காரர்களிடம் முதலில் இலவசமாகக் கொடு, அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல், என்ன சொல்கிறார்கள் என்று கேள். விலையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வெல்லம் குறைத்ததில் ஒரு இருபது சுட்டு அனுப்பு. வெள்ளைக்குதிரை என் சட்டைப்பையை இன்னும் மோந்துகொண்டுதான் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்