செலீனின் அந்த 12 ஆண்டுகளை ஏன் தாண்டிப் போனீர்கள்?

‘அண்டர்வேர்ல்ட்’ படத்தொடரின் திரைக்கதையாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2012இல் வந்த உங்கள் நான்காம் படமான ‘அவேக்கனிங்’ பற்றித்தான் இந்த மடல். தொடரின் நாயகியான ரத்தக்காட்டேரி வீராங்கனை செலீனை மறுபடி திரையில் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருவன். அப்படி அவள் வருவதாக இருந்தால், கதை எங்கே தடம் மாறியது என்று யாராவது உங்களிடம் நேராகச் சொல்லியாக வேண்டும்.

2003இல் வந்த முதல் படம் எங்களைப் பிடித்து இழுத்ததற்குக் காரணம், ரத்தக்காட்டேரிகளுக்கும் லைக்கன்கள் எனப்படும் மனித ஓநாய்களுக்கும் நடந்த போரின் அடியில் இருந்த பொய். தன் குடும்பத்தைக் கொன்றவர்கள் லைக்கன்கள் என்று நம்பி, நூற்றாண்டுக் கணக்கில் அவர்களை வேட்டையாடியவள் செலீன். உண்மையில் கொன்றவன், அவளைப் பிள்ளைபோல வளர்த்த ரத்தக்காட்டேரித் தலைவன் விக்டர். லைக்கன் ஒருவனைக் காதலித்தாள் என்பதற்காகப் பெற்ற மகள் சோன்யாவையே வெயிலில் விட்டுச் சாகடித்தவன் அவன். மகளின் சாயல் இருந்ததால்தான் செலீனை உயிரோடு விட்டான். இத்தனையும் தெரிந்த பிறகு, அவன் வாளாலேயே அவனை வெட்டுகிறாள். வெட்டு விழுந்தது முதலில் அவனுக்கே தெரியவில்லை. அவள் கையிலிருக்கும் வாளில் ரத்தத்தைப் பார்க்கிறான், அப்புறம்தான் முகத்தின் குறுக்கே கோடு விழுகிறது. படம் முழுக்கச் சேர்ந்த கோபம் அந்த ஒரே வீச்சில் இறங்கியது.

அந்த உலகத்துக்கு விதிகளும் இருந்தன. லைக்கன்கள் தோட்டாவுக்குள் புற ஊதா ஒளியை அடைத்தார்கள். பதிலுக்கு ரத்தக்காட்டேரிகள் சில்வர் நைட்ரேட்டை அடைத்தார்கள். வெள்ளித் தோட்டாவைத் தோண்டி எடுத்துவிடலாம், ரத்தத்தில் கலந்த திரவத்தை எடுக்க முடியாது என்று அதற்குக் காரணமும் சொன்னீர்கள். ரத்தம் நினைவுகளைக் கடத்தும் என்பது இன்னொரு விதி. நீண்ட உறக்கத்திலிருந்து விக்டரை எழுப்பும்போது செலீன் தன் ரத்தத்தின் வழியாகத்தான் அவனுக்குச் செய்தி சொல்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

2006இல் வந்த இரண்டாம் படத்தின் முடிவில் செலீன் வெயிலில் நிற்கிறாள், எரியவில்லை. அந்தக் கதைக்கு அழகான முடிவுதான். ஆனால் வெயிலே ஒன்றும் செய்யாது என்றான பிறகு, அவள் உயிருக்காக நாங்கள் பயப்பட வழியில்லை. இனி அவள் இழக்கக்கூடிய ஒருவர் கதைக்குத் தேவைப்பட்டார். ‘அவேக்கனிங்’கில் அந்த ஒருவரை நீங்கள் சரியாகவே கண்டுபிடித்தீர்கள்: ஒரு மகள்.

அந்த யோசனை எவ்வளவு நல்லது! 12 ஆண்டுகள் உறைநிலையில் கிடந்து எழுகிறாள் செலீன். வேறொருவர் கண்ணால் காட்சிகள் தெரிகின்றன. அது தன் காதலன் மைக்கேல்தான் என்று நம்பித் தேடிப் போகிறாள். அங்கே நிற்பதோ, ‘சப்ஜெக்ட் 2’ என்ற பெயரில் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஒரு சிறுமி, ஈவ். பெற்றதே தெரியாத தாயும் தாயின் முகம் பார்த்துப் பழகாத மகளும் முதல்முறை எதிரெதிரே நிற்கிறார்கள். இதை வைத்து ஒரு படமே எடுக்கலாம். நீங்கள் கொடுத்தது சில வரிப் பேச்சு. அதற்குள் அடுத்த லைக்கன் பாய்ந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு படத்தின் தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. இரண்டு இனங்களும் காலங்காலமாக மறைத்துவைத்த ரகசியம் மனிதர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வேட்டை தொடங்குகிறது. யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள், யார் யாரை வீட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள், ரத்தக்காட்டேரிகளும் லைக்கன்களும் உயிர் பிழைக்கக் கைகோத்தார்களா? எதுவும் தெரியாது. முன்கதைபோலச் சில நிமிடங்களில் ஓட்டிவிட்டு, செலீனோடு சேர்த்து எங்களையும் 12 ஆண்டுகள் தள்ளி இறக்கிவிட்டீர்கள். துப்பறிவாளர் செபாஸ்டியனை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக்காட்டேரியாக இருந்த மனைவியை அந்த வேட்டையில் இழந்தவர். அவர் தன் கதையைச் சொல்லும்போது, நான் பார்த்திருக்க வேண்டிய படம் அதுதானே என்று தோன்றியது.

பிறகு, மருந்து கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஆன்டிஜென் நிறுவனத்தை நடத்துவதே லைக்கன்கள்தான் என்ற திருப்பம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. விளைவைப் பாருங்கள்: மூன்றாவது தரப்பாக உள்ளே வந்த மனிதர்கள் கதையிலிருந்தே காணாமல் போகிறார்கள். மறுபடி பழைய இரு தரப்புச் சண்டை, இம்முறை இன்னும் பெரிய உருவத்தில் ஒரு லைக்கன். இறந்த இளம் ரத்தக்காட்டேரி டேவிட்டைச் செலீன் தன் ரத்தத்தால் உயிர்ப்பித்ததும் சாவுக்கு இருந்த கனமும் போய்விட்டது. 88 நிமிடப் படம் அது. மூச்சுவிட இன்னும் இருபது நிமிடம் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மைக்கேல் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். மைக்கேலாக நடித்த ஸ்காட் ஸ்பீட்மேன் இந்தப் படத்தில் இல்லாதது உங்கள் கையை மீறிய காரணத்தால் இருக்கலாம். அப்படியென்றால் மைக்கேல் இறந்துவிட்டான் என்றே சொல்லியிருக்கலாம். செலீன் அழுதிருப்பாள், நாங்களும் அழுதிருப்போம். நீங்களோ அவனையும் உறைநிலையில் காட்டி, கடைசியில் தப்பிப் போனதாக முடித்து, தேடுவோம் என்று வாக்குக் கொடுத்தீர்கள். 2016இல் ‘பிளட் வார்ஸ்’ வந்தது. மைக்கேல் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டான் என்று ஒரு சண்டையின் நடுவே ரத்த நினைவாகச் சொல்லி முடித்தீர்கள். தாய்க்கே இடம் தெரியாமல் ஈவ் எங்கோ ஒளிந்திருக்கிறாள் என்று அவளையும் ஒதுக்கிவைத்தீர்கள். ஒரு படம் எழுப்பிய இரண்டு கேள்விகளையும் அடுத்த படம் தட்டிக்கழித்தால், மூன்றாவது கேள்வியை எந்த நம்பிக்கையில் நாங்கள் கேட்போம்?

அடுத்த பாகம் எழுத உட்கார்ந்தால், புதிய இனமோ புதிய கோட்டையோ வேண்டாம். ஈவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நீங்கள் தாண்டிப் போன அந்த 12 ஆண்டுகளில் ஆய்வுக்கூடச் சுவர்களுக்குள் கண்ணைத் திறந்துகொண்டு வாழ்ந்தவள் அவள். ரத்தம் நினைவுகளைக் கடத்தும் என்ற விதி 2003 முதலே உங்கள் கையில் இருக்கிறது. மகளின் ரத்தத்தின் வழியாகச் செலீன் அந்த ஆண்டுகளைப் பார்க்கட்டும். சண்டைக்காட்சிகளை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

அன்புடன்,
முதல் படத்திலிருந்து செலீனோடு வரும் ஒரு ரசிகன்