புல்லட் கிளம்பாதபோது எங்கிருந்து தொடங்குவது

அன்பு மகளுக்கு,

மழைக்காலம் முழுவதும் ஓசூர் வீட்டு வாசலில் நின்றிருந்த புல்லட், எத்தனை முறை கிக்கரை உதைத்தாலும் கிளம்பவில்லை என்றும், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தாய். இப்போதைக்குக் கார்புரேட்டரை விட்டுவிடு அம்மா. பாயின்ட் (மூடித் திறந்து மின்பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள்) வைத்த இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பார்க், அதாவது அந்த மின்பொறி. அது சரியென்று உறுதியான பிறகுதான் பெட்ரோலின் பக்கம் போக வேண்டும்.

சாவியைப் போட்டுவிட்டு, ஹெட்லைட்டுக்கு மேலுள்ள, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டரைப் பார்த்தபடியே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்து. பாயின்ட் மூடியிருக்கும்போது முள் டிஸ்சார்ஜ் (பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறும்) பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் நடுவை விட்டு அசையவே இல்லையென்றால் பேட்டரி இறங்கியிருக்கலாம், எங்காவது ஒயர் விட்டிருக்கலாம், அல்லது ஈரத்தில் பாயின்ட்டின் முகத்தில் படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கலாம். மாறாக, எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தே இருந்தால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது ஒயரோ, பாயின்ட்டோடு இணைந்த கண்டன்சரோ (மின்தேக்கி) எர்த் ஆகி, மின்சாரம் நேரே வண்டியின் உலோகத்துக்குப் போகிறது என்று பொருள். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்பதால் எனக்குப் படலத்தின் மீதுதான் சந்தேகம். சாவியை எடுத்துவிட்டு, மெல்லிய எமரித் தாளால் இலேசாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த சுத்தமான தாளை இடையில் விட்டு இழுத்த பின், முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கிறதா என்று இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளந்துகொள். எந்தச் சோதனை முடிந்ததும் சாவியை எடுத்துவிடு; பாயின்ட் மூடியபடி நின்றால், ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் சூடாகும், பேட்டரியும் இறங்கிவிடும்.

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பார். கிக்கரை உதைத்த பிறகும் அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை; நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் ஸ்பார்க் போதவில்லை, அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட் அடைக்காமல் பெட்ரோல் மிகுதியாக வருகிறது. ஸ்பார்க்கைச் சோதிக்கும்போது, பிளக்கை அது இருந்த துளைக்கு அருகில் பிடிக்காமல் தள்ளி, இன்ஜினின் உலோகத்தில் படும்படி வை. துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடியது. திறந்த வெளியில்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பிளக் உலர்ந்திருந்தால் மட்டும் கார்புரேட்டரைத் திற. தேங்கிய பெட்ரோல் ஆவியாகும்போது பிசினை விட்டுச் செல்லும். அது முதலில் அடைப்பது ஐட்லிங்கில் பெட்ரோல் விடும், மிக நுண்ணிய துளையுள்ள பைலட் ஜெட்டைத்தான். அதைக் கம்பியால் குத்தாதே, பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார். டேங்க்கிலுள்ள பழைய பெட்ரோலையும் வடித்துவிடு. இப்போது வரும் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுப்பதோடு, பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும்.

கிளம்பிச் சிறிது தூரம் ஓடி நின்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பார். கிக்கரில் எதிர்ப்பே இல்லையென்றால் கிக்கரை எளிதாக உதைக்கச் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸரின் கேபிள் இறுகி அதன் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உடனே உதைத்துப் பார். முள் எப்படி நகர்ந்தது, பிளக் நனைந்திருந்ததா உலர்ந்திருந்ததா என்ற இரண்டையும் தொலைபேசியில் சொல். பாயின்ட் செட் வாங்கி அனுப்புவதா, ஜெட் அனுப்புவதா என்பதை அதைக் கேட்ட பிறகு முடிவு செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா