என் கெண்டைக்காலைப் பார்க்க மறுத்தவர்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கும், டாக்டர்களுக்கும், கடை நண்பர்களுக்கும் வணக்கம்.

போன தீபாவளி வியாபாரத்தின்போது என் வலது கெண்டைக்கால் சதை துடிக்க ஆரம்பித்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கால், அப்புறம் தொடை, கட்டைவிரல், இமை என்று இடம் மாறி மாறித் துடித்தது. ஆம்பளைக்கு வலக்கண் துடித்தால் நல்லது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் செல்போனை எடுத்துத் தேடினேன். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை முடக்கிய ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. அதோடு தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

நரம்பியல் டாக்டர் ஐயா, உங்களுக்கு முன்னால் நான் பார்த்த ஒருவர் "ஒண்ணுமில்ல, மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று நாற்காலியில் உட்காரும் முன்பே சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். நீங்கள் அவசரப்படவில்லை. குதிகாலில் நடக்கச் சொன்னீர்கள், நுனிக்காலில் நடக்கச் சொன்னீர்கள், நாக்கை நீட்டிப் பார்த்தீர்கள், முட்டியில் சுத்தியலால் தட்டினீர்கள். பிறகு சதைக்குள் ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனை. காலைத் தளர்த்தி வைத்திருந்தபோது கருவியில் சத்தமே இல்லை. சதை துள்ளும்போது மட்டும், தகரக் கூரையில் ஒற்றை மழைத்துளி விழுந்த மாதிரி ஒரு 'டப்'. நான் உங்கள் முகத்தையே பார்த்தேன். இந்தத் துடிப்பு நல்ல தசையிலும் வரும், நோயென்றால் கூடவே வேறு அடையாளங்களும் இருக்கும், உங்களுக்குப் பலம் குறையவில்லை, சதையும் மெலியவில்லை என்றீர்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இப்படித் துடிப்பு மட்டுமே இருந்த 121 பேரைப் பல வருடம் கவனித்து 1993-ல் எழுதினார்கள், ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை என்றும் சொன்னீர்கள்.

அதைவிடப் பெரிய உதவி அப்புறம் செய்தீர்கள். இன்னொரு தடவை ஊசி வைத்துப் பார்க்கலாமா என்று நான் வந்து நின்றபோது முடியாது என்றுவிட்டீர்கள். "பலம் குறைஞ்சா உடனே வாங்க. துடிக்குதுன்னு வராதீங்க." சொல்லிவிட்டு, மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தீர்கள்.

டாக்டரம்மா, உங்கள் அறையில் ஒரு நிமிடம் வேக வேகமாக மூச்சு விட்டேனே, நினைவிருக்கிறதா? விரல்நுனி மரத்தது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தது, தலை கிறுகிறுத்தது. ராத்திரியெல்லாம் என்னைப் பயமுறுத்திய அதே உணர்வுகளை நானே வரவழைத்துவிட்டேன். மூச்சு மிதமிஞ்சினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அப்போது நரம்பு லேசான தூண்டலுக்கே துள்ளுகிறது என்று விளக்கினீர்கள். பயம் துடிப்பைக் கூட்ட, துடிப்பு பயத்தைக் கூட்ட, நான் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் பதற்றம் கொஞ்சம் கூடினாலும் கூடும் என்று முன்கூட்டியே சொன்னதற்குத் தனி நன்றி. சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வாரமே அதைக் குப்பையில் போட்டிருப்பேன்.

அக்கா, உனக்கு என்ன எழுத? தினமும் வீடியோ காலில் காலைத் தூக்கிக் காட்டி, "இளைச்சிருக்கா பாரு" என்பேன். நீயும் கண்ணாடி போட்டுப் பார்த்து "இல்லடா தம்பி" என்பாய். அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூடத் தங்காது. டாக்டரம்மா உன்னிடம் பேசிய பிறகு நீ ஆளே மாறிவிட்டாய். "உன் காலை இனிமே பார்க்க மாட்டேன். என்ன சாப்பிட்டேன்னு சொல்லு." எனக்கு வந்த கோபத்தில் கொஞ்ச நாள் உன்னோடு பேசவே இல்லை. ஆறுதல் சொல்வதைவிட அதைச் சொல்லாமல் இருப்பது உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

கடையில் ரெடிமேட் பிரிவு அண்ணன், என் மேஜையிலிருந்த அளவு டேப்பை எடுத்துப் போய் ஒளித்து வைத்தது நீங்கள்தான் என்று தெரியும். கணக்கு எழுதுகிறவனுக்கு டேப் எதற்கு? பாத்ரூமில் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து அளந்து பார்க்கத்தான். பலருக்கும் இரண்டும் அச்சாக ஒரே அளவாக இருக்காது என்பது வேறு விஷயம். டீக்கடை மாஸ்டருக்கும் நன்றி. படபடப்பு கூடிவிடக் கூடாதென்று, ஸ்ட்ராங் டீ கேட்டால் சுக்குக் காப்பியை நீட்டி, காசு வாங்கிக்கொண்டு திரும்பிக்கொள்வார்.

ஒரு நடுராத்திரி 14416-ல், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில், என்னோடு தமிழில் பேசிய சகோதரிக்கும் நன்றி. பைசா செலவில்லாத அந்த எண்ணை என்னைப் போல முழித்துக் கிடப்பவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

துடிப்பு போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இதை எழுதும்போதுகூட இடது தொடையில் துடிக்கிறது. துடிக்கட்டும், மார்ச் கணக்கு முடிக்க வேண்டும்.

அம்மா, சமயபுரத்தில் வெள்ளிக் கால் வாங்கி உண்டியலில் போட்டாயாமே, அதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நல்லா போடட்டும், அதுல பக்கவிளைவு கிடையாது" என்று சிரித்தார்.

அன்புடன்,
திருச்சி ஜவுளிக்கடைக் கணக்கர்