மாவீரர் நாள் நடத்தும் வேலூர்த் தம்பிகளுக்கு

அன்புத் தம்பிகளே,

நவம்பர் 27 அன்று, ஈழப் போரில் இறந்த விடுதலைப் புலிகளை நினைத்து நீங்கள் ஏற்றும் சுடரை அணைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வீடு புகுந்து எரித்த பிறகு ஆயுதம் எடுத்த பிள்ளைகளின் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் உங்கள் மேடையில் பாதிக் கதைதான் கேட்கிறது. 1995இல் நம் கோட்டையின் திப்பு மகாலில் அடைத்து வைத்திருந்த புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியதைச் சொல்கிறீர்கள். 2000இல் ஆனையிறவு ராணுவத் தளத்தைப் புலிகள் பிடித்ததைச் சொல்கிறீர்கள். 2009இன் தோல்வி வந்ததும் துரோகம், உலக நாடுகளின் சதி என்று முடித்துவிடுகிறீர்கள்.

சரிவு அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 1986 மே மாதம், இன்னொரு தமிழ்ப் போராளி இயக்கமான டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினத்தையும் அவருடைய போராளிகளையும் கொன்றது சிங்கள ராணுவம் அல்ல, புலிகள்தான். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையோடு தமிழ்நாட்டின் கதவும் அடைபட்டது. 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தபோது கிழக்கு கைநழுவத் தொடங்கியது.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது 1990 அக்டோபர். வட மாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 70,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் 2 மணி நேரம். தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டையும் கடையையும் விட்டு, நகையையும் பறிகொடுத்து நடந்தார்கள். புத்தளத்து முகாம்களிலேயே பலருடைய பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். அவர்கள் வீட்டிலும் பேசியது தமிழ்தான். பேர்ணாம்பட்டிலும் ஆம்பூரிலும் பிறந்து உங்களோடு ஒரே பெஞ்சில் படித்த முஸ்லிம் நண்பனைக் கூட்டத்துக்கு அழைக்கிறீர்கள். இதைப் பற்றி வாய் திறக்காமல் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

2009இல் போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலையும் முழுதாகச் சொல்லுங்கள். பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே ராணுவம் குண்டு வீசியது. தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டார்கள்; சிறுவர்களைப் பிடித்துப் போருக்கு அனுப்பினார்கள். அங்கே 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. இரு தரப்பையும் சொல்லாமல் அந்த மக்களுக்கு எப்படி அஞ்சலி செலுத்துவது?

இந்த ஆண்டு படக் கண்காட்சி வைத்தால் 1986க்கும் 1990க்கும் ஒவ்வொரு பலகை ஒதுக்குங்கள். கூட்டத்துக்கு முன்பே மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமின் பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் திருத்தச் சொன்னால் திருத்துங்கள். எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
வேலூர்க்காரன் ஒருவன்