சொம்பில் வெட்டிய பெயரிலிருந்து தொடங்குங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளிக்கான சமூக அறிவியல் பாடநூலை எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியை நான். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே வேலை. செயல்வழிக் கற்றல் வந்தபோது பாட அட்டைகளோடும், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியோடும் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தவள். ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை, அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் என்று அடுத்தடுத்து வந்த எல்லாவற்றையும் வகுப்பறைக்குள் கொண்டுபோனவள். அந்த அனுபவத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சமூக அறிவியலைப் பிள்ளையின் வீட்டிலும் தெருவிலும் தொடங்குங்கள். அதற்கு வேண்டிய நேரத்தையும் மதிப்பெண்ணையும் புத்தகத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் வரலாறு என்றால் என்ன என்று கேட்டேன். கடந்தகால நிகழ்வுகளின் தொகுப்பு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சரி, உங்கள் வீட்டு வரலாறு ஏதாவது சொல்லுங்கள் என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒருத்தி, "எங்க வீட்ல ராஜா யாரும் இல்லையே டீச்சர்" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. அதுவரை நான் நடத்திய பாடங்களிலிருந்து அவள் புரிந்துகொண்டது அதுதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள், பெயர் வெட்டிய பாத்திரம் வீட்டில் இருந்தால் ஒன்று கொண்டுவாருங்கள் என்றேன். சொம்பு, டம்ளர், தூக்குவாளி, தாம்பாளம் எல்லாம் வந்தன. ஒரு பையன் பித்தளைக் குடம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். எழுத்துகளைத் தடவித் தடவி வாசித்தார்கள். பூப்புனித நீராட்டு விழா, காதணி விழா, புதுமனை புகுவிழா, தாய்மாமன் சீர், கொடுத்தவர் ஊர், தேதி. தேதி போட்ட பாத்திரங்களை வருட வரிசையில் சுவரோரம் அடுக்கினோம். நான் சொல்லாமலேயே அங்கே ஒரு காலக்கோடு உருவாகிவிட்டது. பழைய பாத்திரங்களில் எழுத்து புள்ளி புள்ளியாக இருப்பதையும், புதியவற்றில் கோடாக ஓடுவதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். உளியால் தட்டிய காலம் போய் மெஷின் வந்துவிட்டது என்று ஒருவன் விளக்கினான். பித்தளைக் குடத்தில் தேதி இல்லை. புள்ளி எழுத்து என்பதால் அது வரிசையின் முதலில்தான் நிற்க வேண்டும் என்று வாதாடினார்கள். சந்தேகம் தீர அந்தப் பையனின் அப்பத்தாவையே வகுப்புக்கு அழைத்தோம். குடத்தில் இருந்த பெயர் அவருடைய அம்மாவின் பெயர். அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரித்து முப்பது வருடம் ஆகிவிட்டது என்றார்.

ஒரு சிறுமி மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை. மழை பொய்த்த வருடத்தில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அதை அவள் மெதுவாகச் சொன்னபோது நான் கேட்ட விதம் தவறு என்று உறைத்தது. அடுத்த வருடத்திலிருந்து பாத்திரமோ, போட்டோவோ, வீட்டில் சொல்லும் கதையோ எதுவானாலும் சரி என்று சொல்கிறேன். அவள் சொன்னதையும் காலக்கோட்டில் எழுதினோம். ஒரு பஞ்சம் எங்கள் வகுப்பு வரலாற்றில் அப்படித்தான் இடம்பிடித்தது.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறிய பானை ஓடுகளின் கதையைச் சொன்னபோது, "அவங்களும் பாத்திரத்துல பேர் வெட்டி வச்சிருக்காங்க" என்றான் குடம் கொண்டுவந்தவனின் தம்பி. அண்ணனிடம் கேட்டிருக்கிறான் போலும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு பானைத் துண்டை, தன் வீட்டுச் சொம்பின் உறவாக ஒரு பிள்ளை பார்த்த பிறகு சங்க காலத்தைப் பற்றி நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

சோழர் காலத்தில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலைப் பாடத்தையும் பல வருடங்கள் வெறும் பத்தியாகவே வாசிக்க வைத்திருக்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. கோடிட்ட இடத்தை நிரப்பினால் பாடம் முடிந்தது. ஒரு வருடம், வகுப்புத் தலைவரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்போம் என்றேன். எங்கள் ஊரில் பனையோலைக்குப் பஞ்சமில்லை. நறுக்கில் பெயர் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றாம் வகுப்புச் சிறுவனை எடுக்கச் சொன்னோம். கல்வெட்டும் ஒரு சிறுவனை விட்டே எடுக்கச் சொல்கிறது. வகுப்பிலேயே அதிகம் சேட்டை செய்பவன் பெயர் வந்தது. ஐந்தாம் வகுப்புக்காரி ஒருத்தி உடனே எழுந்து, "இது எலெக்‌ஷன் இல்ல டீச்சர், குலுக்கல் சீட்டு" என்றாள். எத்தனை முறை வாசிக்க வைத்திருந்தாலும் இந்த வித்தியாசம் அவளுக்குத் தோன்றியிருக்காது.

அடுத்து, குடத்தில் யார் பெயரைப் போடலாம் என்பதற்குக் கல்வெட்டு சொல்லும் தகுதிகளைப் பலகையில் எழுதினேன். வயது 35 முதல் 70 வரை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வேதமோ சாத்திரமோ தெரிந்திருக்க வேண்டும். "இந்தக் கணக்குல எங்கப்பா பேரே வராது" என்றான் ஒருவன். "எங்கம்மா?" என்று இன்னொரு குரல். எங்கள் வார்டு உறுப்பினர் ஒரு பெண் என்பது அப்போது அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016இல் சட்டம் வந்ததை அந்த இடத்தில் சொன்னேன். அன்று அது மனப்பாடம் செய்ய வேண்டிய தகவலாக இல்லை, அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக இருந்தது. உத்திரமேரூரின் பெருமையும் அதன் வாசலில் நிறுத்தப்பட்டவர்களும் ஒரே பாடவேளையில் வந்துவிட்டார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு, அதாவது ஊர் நிர்வாகக் குழுவுக்கு, வர முடியாது என்ற விதிதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. நூலகப் புத்தகக் கணக்குக்கு அதை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் மாநில வரைபடம் சீக்கிரமே வந்துவிடுகிறது. நான் முதலில் சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்து நிற்க வைத்துத் திசை சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஊரை வரையச் சொன்னேன். கண்மாய், மடை, கலுங்கு, ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், நாய் துரத்தும் சந்து எல்லாம் வந்தன. மாலையில் தாள்களைப் பரப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஊரார் 'காலனி' என்று சொல்லும் இரண்டு தெருக்கள் பெரும்பாலான தாள்களில் இல்லவே இல்லை. அந்தச் சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் அறிவிப்பு வந்தது. ஆனால் என் வகுப்பில் அதற்கு முன்பே அந்தத் தெருக்கள் வரைபடத்திலிருந்து நீங்கியிருந்தன. அங்கிருந்து வரும் பிள்ளைகளில் ஒருவன் தன் வீட்டைத் தாளின் ஓரத்தில், பாதி வெளியே போகும்படி வரைந்திருந்தான்.

யாரையும் திட்டவில்லை. மறுநாள் எல்லோரும் சேர்ந்து நடந்தோம். பள்ளி வாசலிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் எத்தனை காலடி, தெருவுக்கு எத்தனை குழாய், எத்தனை விளக்கு என்று எண்ணிக் குறித்தார்கள். காலடிக் கணக்கில் வரைந்தால் எந்தத் தெருவும் தாளுக்கு வெளியே போக முடியாது. விட்டுப்போன தெருக்கள் கண்மாய்க் கரையைவிடப் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தன. பாடநூலில் நாம் அச்சிட்டு வரும் "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்ற வரிகளை அதன் பிறகுதான் வாசித்தோம். அன்று யாரும் ராகம் போட்டு வாசிக்கவில்லை.

குழாய்க் கணக்கு ஒரு தாளாக மிஞ்சியது. அந்த வருடம் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் கிராம சபைக்குக் கூட்டிப்போனேன். இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அவற்றில் இரண்டு, பள்ளியில் கொடியேற்றும் நாட்களிலேயே வருகின்றன. உள்ளாட்சிப் பாடத்துக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களின் கணக்கை ஊராட்சித் தலைவர் வாங்கி வாசித்தார். ஒரு குழாய் சரியானது, இன்னொன்றுக்கு இரண்டு வருடம் ஆனது. இரண்டையுமே அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இதையெல்லாம் செய்யத் தடையாக இருந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் காலடி எண்ணிக்கொண்டிருந்த நாளில் ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, பாடவேளையில் பிள்ளைகள் ஏன் தெருவில் நிற்கிறார்கள் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். பாடநூலில் "ஊரைச் சுற்றிப் பாருங்கள், அளந்து வரையுங்கள்" என்று இரண்டு வரி இருந்திருந்தால் அந்தப் பக்கத்தையே விளக்கமாகக் காட்டியிருப்பேன். பருவம் நடக்கும்போதே செயல்பாடுகளை வைத்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் இருக்கிறது. ஆனால் செயல்பாடு என்று புத்தகம் கேட்பது பெரும்பாலும் படம் ஒட்டுவதும் தகவல் திரட்டுவதும்தான். அது நடைமுறையில் சார்ட் வாங்குவது, கடையில் பிரிண்ட் எடுப்பது, இரவு பத்து மணிக்கு அம்மா ஒட்டிக் கொடுப்பது என்று முடிகிறது. கூலி வேலைக்குப் போய்வரும் வீட்டுக்கு அது வீண் செலவு. மொழியும் கணக்கும் எப்படியாவது கரையேற வேண்டும் என்ற நெருக்கடியில் சமூக அறிவியலின் நேரத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறோம், நானும் எடுத்திருக்கிறேன். பாத்திரத்தில் எழுத்துக் கூட்டி வாசிப்பதும் வாசிப்புதான், காலடி எண்ணுவதும் கணக்குதான் என்று ஆசிரியர் கையேட்டில் நீங்கள் எழுதிவிட்டால் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும்.

ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பாடத்தைக் குறையுங்கள். அந்த இடத்தில் 'எங்கள் ஊர்' என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் வெறுமையாக விடுங்கள். சென்னைப் பிள்ளை அதில் கூவத்தை வரையட்டும், வால்பாறைப் பிள்ளை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டை வரையட்டும். செயல்பாட்டுக்கான மதிப்பெண் அந்த நான்கு பக்கங்களுக்கு. புத்தகப் பயிற்சி நடத்தும்போது எங்களையும் அரங்கத்தில் உட்கார வைத்துத் திரையில் காட்டாமல், ஒரு முற்பகலாவது பக்கத்து ஊருக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். மாதிரி வேண்டுமானால் எங்கள் பிள்ளைகள் நிரப்பிய நோட்டுகள் பள்ளி பீரோவில் ஏழு வருடத்துக்கானவை இருக்கின்றன. வந்து பார்க்கலாம். பித்தளைக் குடத்தின் எழுத்தைத் தாளில் தேய்த்து எடுத்த பதிவும் அதில் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்.