ஸ்டார்ட்டர் வயரை மட்டும் வெட்டு

சிங்காநல்லூர்,
ஞாயிறு இரவு

அம்மிணி,

நேற்று போனில் நீ பேசின வேகத்துக்கு நான் "சரி, சரி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. காருக்குத் திருட்டு அலாரம் கிட் வாங்கிவிட்டாய், மாட்டக் கேட்ட கூலி அநியாயமாகப் பட்டது, வருகிற ஞாயிறு நீயே மாட்டப் போகிறாய். முப்பத்தைந்து வருஷம் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனிடம் நீ யோசனை கேட்கவில்லை, தகவல் சொன்னாய். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. உங்கம்மாவுக்குத்தான். "ஓசூருக்கு ஒரு பஸ் ஏறிப் போய் மாட்டிக் குடுத்துட்டு வாங்களேன்" என்று காலையிலிருந்து நச்சரிப்பு. கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்கூட ஆகவில்லை, குனியவே கூடாது என்றிருக்கிறார் டாக்டர். இன்னொரு கண் நன்றாகத்தானே இருக்கிறது, எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ அனுப்பின போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பெட்டி, சைரன், ரெண்டு ரிமோட், நாலு கதவுக்கும் பூட்டு மோட்டார், ஒரு கத்தை வயர், ஒரு வரைபடம். அந்த வரைபடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், ஆனால் முழுக்க நம்பாதே. சிவப்பு பேட்டரி, கறுப்பு எர்த் என்று அது சொல்வது கிட்டில் வந்த வயரின் நிறத்தை. உன் ஆல்ட்டோவுக்குள் எந்த நிறம் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. அதுவும் நீ வாங்கியிருப்பது 2013 வண்டி, ரெண்டு கை மாறியது. பாட்டுப் பெட்டி மாட்டினவன் ஒருத்தன், ரிவர்ஸ் ஹார்ன் மாட்டினவன் ஒருத்தன் என்று ஏற்கெனவே உள்ளே கை வைத்திருப்பார்கள். வோல்ட் பார்க்கிற மீட்டர் காட்டுவதை மட்டும் நம்பு.

சாவி இல்லாமலே 12.6 வோல்ட் காட்டுவது நேரடி பேட்டரி வயர். சாவியை ஆன் செய்தால் வருவதில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள். பாட்டுப் பெட்டி மாதிரி சாமானுக்குப் போகிற ஆக்சசரி வயரும், இன்ஜின் ஓடுவதற்கான இக்னிஷன் வயரும் சாவி ஆனில் ஒரே மாதிரி 12 காட்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: ஆக்சசரி அந்த நேரத்தில் செத்துப்போகும், இக்னிஷன் சாகாது. அலாரத்துக்கு வேண்டியது இக்னிஷன். மூன்றாவதாக, ஸ்டார்ட் அடிக்கும்போது மட்டும் 12 காட்டுகிற வயர் ஒன்று இருக்கும். அதுதான் ஸ்டார்ட்டர் வயர். அதை ஒரு துண்டு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன். ஒன்று மறந்தேன். ஸ்டார்ட் அடித்துப் பார்க்கும்போதெல்லாம் கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கட்டும். என் கடையில் ஒரு பையன் கியரில் வைத்து அடித்து, வண்டி எதிரே நின்ற ஸ்கூட்டரை முட்டியது.

இதையெல்லாம் கண்டுபிடித்து முடித்த பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கு. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். உன் வண்டியில் ஏர்பேக் இல்லை, அந்தக் கவலை இல்லை. நாளைக்குப் புது வண்டி வாங்கினால் ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் பக்கமே போகாதே. அதில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பது வெடி மருந்தில் தீக்குச்சி வைத்துப் பார்ப்பது.

கதவு திறந்தால் அலாரத்துக்குத் தெரியவேண்டும். மாருதியில் கதவுத் தூணில் இருக்கிற சுவிட்ச், கதவு திறந்ததும் எர்த் கொடுக்கும், உள்ளே கூரை விளக்கு எரியும். கிட்டில் கதவுக்கென்று ரெண்டு வயர் இருந்தால் நெகடிவ் என்று போட்ட வயரை எடு. பாசிட்டிவ் வயரை டேப் சுற்றி விட்டுவிடு, வேறு எதிலும் சேர்க்காதே. இண்டிகேட்டருக்கு ரெண்டு வயர் வரும், இடது ஒன்று வலது ஒன்று. ஒரே நிறமாக இருக்கிறதே என்று ரெண்டையும் ஒட்டுக்கா சேர்த்துவிடாதே. அப்புறம் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் நாலு விளக்கும் மினுக்கும், பின்னால் வருகிறவன் திண்டாடுவான்.

இப்போது ஸ்டார்ட்டர் வயருக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், போனில் சொல்ல வாய் வரவில்லை.

கிட்டோடு ஒரு ரிலே வந்திருக்கும். கரண்ட் கொடுத்தால் தானே மாறுகிற சுவிட்ச் அது, அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று எண் போட்ட கால்கள் இருக்கும். சாவியைத் திருடினாலும் வண்டி கிளம்பாமல் இருக்க அது. அதை மூன்று இடத்தில் போடலாம்: ஸ்டார்ட்டர் வயரில், இக்னிஷன் வயரில், பெட்ரோல் பம்ப் வயரில். உன் ஃபேக்டரியில் யாராவது பெட்ரோல் பம்ப் வயரை வெட்டச் சொல்வார்கள். "திருடன் நூறடி போய் நின்னுருவான்" என்பார்கள், கேட்க நன்றாக இருக்கும்.

1998இல் ஒரு வாத்தியார் மாருதி 800 ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போதுதான் ரிமோட் அலாரம் நம்ம ஊரில் பரவிக்கொண்டிருந்தது, நானும் மாட்டப் பழகி ஆறேழு மாதம். ரிலேவை இக்னிஷன் காயில் வயரில் போட்டேன், அதுவும் 87ஆம் காலில். அந்தக் காலில் போட்டால் ரிலேவுக்கு அலாரத்திலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருந்தால்தான் இன்ஜின் ஓடும். மத்தியானம் ரெண்டு மணி, பசி, வெளியில் இன்னும் மூன்று வண்டி நிற்கிறது. ஜாயிண்டுக்கு ஈயம் வைக்கவில்லை. முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, மேலே பேனலை மூடிவிட்டேன். மூடினால் யாருக்குத் தெரியும்?

மூன்று மாதம் கழித்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல், பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டி இன்ஜின் நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த ரோடு இப்போது மாதிரி அகலம் இல்லை, ரெண்டு பக்கமும் புளிய மரம். வண்டிக்குள் அவர், அவர் வீட்டம்மா, ரெண்டு குழந்தைகள். பின்னால் வந்த லாரிக்காரன் கடைசி நேரத்தில் ஒதுக்கிவிட்டான். டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் போனது. மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நின்றேன். போடவில்லை. "அந்த வயரைக் கொஞ்சம் பாருங்க" என்றார். பேனலைத் திறந்தால் டேப்பின் பசை வெயிலில் உருகி, டேப் தனியாகப் பாம்புச் சட்டை மாதிரி கழன்று கிடந்தது. முறுக்கின வயர் ரெண்டும் கைபட்டதும் பிரிந்துவிட்டன. கூலி வாங்கவில்லை, கண்ணாடியும் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு "ரிலே கோளாறுங்க சார்" என்றேன். அந்தப் பொய்யை உங்கம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

அதனால் நீ ஸ்டார்ட்டர் வயரை மட்டும் வெட்டு. அங்கே என்ன பழுதானாலும் நின்ற வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். ஓடுகிற வண்டி நிற்காது. வெட்டின ஒரு முனை ரிலேயின் 30க்கு, இன்னொரு முனை 87ஏ காலுக்கு. 87 இல்லை, 87ஏ. எழுத்தைக் கண்ணால் பார்த்து மாட்டு. ரிலே கரண்ட் இல்லாமல் சும்மா இருக்கும்போது 30உம் 87ஏயும் சேர்ந்தே இருக்கும், அலாரம் பெட்டி மொத்தமாகச் செத்தாலும் உன் வண்டி ஸ்டார்ட் ஆகும். 86க்கு இக்னிஷன், 85க்கு அலாரத்திலிருந்து வருகிற நெகடிவ். தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொண்டுபோய்விடுவானே என்று கேட்பாய். ஆமாம், தள்ளலாம். சைரன் கத்தக் கத்தத் தள்ளிக்கொண்டு போகிற தைரியம் இருந்தால் போகட்டும். வண்டி தானே.

ஜாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் ஈயம் வை. சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற குழாய் ஸ்லீவை முதலிலேயே கோர்த்துக்கொள், ஈயம் வைத்த பிறகு கோர்க்க வழியில்லை. அதன்மேல் ஸ்லீவை இழுத்துச் சூடு காட்டு. பேனட்டுக்குள்ளிருந்து வருகிற வயர் ஓட்டையில் மாட்டுகிற ரப்பர் வளையம், கிராமெட், அதன் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். வெறும் தகரத்தில் உரசினால் ஆறு மாதத்தில் தோல் கிழியும், அப்புறம் புகைதான். பேட்டரியிலிருந்து வருகிற வயருக்கு ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், அலாரம் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை.

கதவுதான் நேரத்தைத் தின்னும். ஞாயிறு முழுவதும் அதற்கே போகும், ரெண்டு கதவோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை. கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடிக்குப் பின்னால் லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் இருக்கும். ஸ்குரூடிரைவரால் நோண்டாதே. பழைய துணியை நாடாவாகக் கிழித்து கைப்பிடிக்கும் கதவுப் பேடுக்கும் நடுவில் விட்டு, ரெண்டு முனையையும் பிடித்து மாறி மாறி இழு. கிளிப் தெறிக்கும். எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பார்த்துக்கொள், இல்லாவிட்டால் சீட்டுக்கு அடியில் கால் மணி நேரம் தேடுவாய். உள்ளே ஒட்டியிருக்கிற பாலிதீன் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதே, மழைத்தண்ணி உள்ளே வராமல் தடுப்பது அதுதான். ஐந்து வயர் உள்ள மோட்டார் டிரைவர் கதவுக்கு, ரெண்டு வயர் உள்ளவை மற்ற கதவுகளுக்கு. ஓட்டை போடும்முன் மோட்டாரை அந்த இடத்தில் கையால் பிடித்துக்கொண்டு கண்ணாடியை ஒருமுறை முழுக்க இறக்கிப் பார். கண்ணாடி வந்து மோட்டாரில் இடித்தால் வேறு இடம். ஓட்டை போடும்போது கண்ணாடி மேலே ஏறியிருக்க வேண்டும். வயரைக் கதவிலிருந்து வண்டியின் உடம்புக்குக் கொண்டுவர, பழைய சைக்கிள் பிரேக் கம்பியை முதலில் விட்டு, அதன் நுனியில் வயரைக் கட்டி இழு.

சைரன் வாய் கீழே பார்த்திருக்கட்டும், மேலே பார்த்தால் தண்ணி தேங்கும். வண்டி அதிர்ந்தால் அலாரத்தைக் கிளப்புகிற ஷாக் சென்சாரை ஸ்டியரிங்குக்கு அடியில் கெட்டியான இரும்பில் கட்டு. அதிலிருக்கிற சின்ன ஸ்குரூவைப் பாதிக்கும் குறைவாகவே வை. உன் தெருவில் ராத்திரி லாரி போகும் என்று சொன்னாயே, ஒவ்வொரு லாரிக்கும் கத்தினால் நாலாம் நாள் நீயே பிடுங்கிப் போடுவாய். அக்கம்பக்கத்துக்காரர்களும் அப்புறம் நிஜத் திருடன் வந்தாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

முடிந்ததும் மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் வைத்து, பேட்டரி மைனஸுக்கும் அதன் வயருக்கும் நடுவில் போட்டுப் பார். அந்த நேரத்தில் மறந்தும் ஸ்டார்ட் அடிக்காதே, மீட்டர் போய்விடும். அலாரம் மட்டும் 20 மில்லி ஆம்பியர் குடித்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை ஆம்பியர் மணி. உன் பேட்டரி 35. மாதம் முழுவதும் வண்டியை எடுக்காமல் விட்டால் ஐந்தில் ரெண்டு பங்குக்கு மேல் காலி. மொத்தம் 50 மில்லிக்கு மேல் காட்டினால் எங்கோ தப்பு செய்திருக்கிறாய், எனக்குப் போன் போடு.

இன்சூரன்ஸில் தள்ளுபடி கிடைக்கும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். வண்டிச் சாமான்களைச் சோதித்துச் சான்று தருகிற ஏஆர்ஏஐ நிறுவனத்தின் ஒப்புதல் உள்ள சாதனமாக இருந்து, மாட்டினதற்கு ஆட்டோமொபைல் சங்கச் சான்றும் இருந்தால்தான் அது. அப்போதும் வழக்கமாக உன் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 சதவீதம்தான், 500 ரூபாய்க்கு மேல் போகாது. அதற்காக அலையாதே.

நாளைக்குக் காலையில் பஸ் பார்சலில் ஒரு பை அனுப்புகிறேன். ஈயக் கம்பி, ஈயம் நன்றாக ஒட்ட ஃபிளக்ஸ், மூன்று அளவில் ஸ்லீவ், கிராமெட் நாலு, சைக்கிள் பிரேக் கம்பி, என் மீட்டர். உங்கம்மா நடுவில் முறுக்கு டப்பா ஒன்றைத் திணித்திருக்கிறாள், எண்ணெய் மீட்டரில் படாமல் பிரித்து எடு. மீட்டருக்கு 9 வோல்ட் பேட்டரி புதிதாக வாங்கிப் போட்டுக்கொள். பழையது இறங்கிக் கிடக்கிறது, அப்படி இருந்தால் இல்லாத வோல்டேஜைக் கூட்டிக் காட்டும்.

அப்பா